தொண்ணூற்று நான்காவது நாடு

கஸ்தூரிரங்கன் தொண்ணூற்று மூன்று நாடுகளைப் பார்த்தவர் என்பது அமெரிக்காவில் டாலஸ் நகரை ஒட்டிய காப்பெலில் இருக்கும் தமிழர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க அவர் யாரையும் விட்டதில்லை. கோயில் பிரசாத வரிசையில், பிறந்தநாள் பார்ட்டியில், இந்தியன் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருப்பவரிடம்கூட, "நேத்து ஜார்ஜியாவை நெனச்சுண்டேன். அட்லாண்டா ஜார்ஜியா இல்லே, ஒரிஜினல் ஜார்ஜியா" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் நாடு எண்ணுகிற முறையும் ஊருக்குத் தெரியும். வாடிகனில் இருபது நிமிடம், அது ஒரு நாடு. லிக்டன்ஸ்டைனில் டூர் பஸ் டாய்லெட்டுக்காக நின்ற இடம், அது ஒரு நாடு. பஹ்ரைனில் விமானம் மாறுவதற்காக ஒன்பது மணி நேரம் தங்கியபோது, ஏர்போர்ட் வாசலுக்கு வெளியே வந்து வெயிலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதுவும் ஒரு நாடு.

அவர்மேல் ஷ்யாமளாவுக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான். அதனால் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பெயர் போனில் தெரிந்தபோது அவள் எடுத்திருக்க வேண்டியதில்லை. எடுத்தாள்.

"ஷ்யாமளா, நீ உக்ரைன்லதானே படிச்சே?"

"ஆமாங்க அங்கிள்."

"இப்பவும் வருஷா வருஷம் போயிண்டு வரியாமே. வார் ஜோன்ல! யூ ஆர் எ ட்ரெஷர்மா. எங்க பாஸ்போர்ட் பறவைகள் குரூப்புக்கு நீ ஒரு டாக் குடுக்கணும். நான் அடுத்து அங்கதான் போறேன்."

ட்ரெஷர் என்ற சொல்லைக் கேட்டதும் ஷ்யாமளாவுக்குச் சிரிப்பு வந்தது. எட்டு வருஷத்துக்கு முன், அவள் அமெரிக்காவுக்கு வந்த புதிதில், ஒரு கொலு வீட்டில் சுண்டல் கிண்ணத்தோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உக்ரைன் டிகிரியா? அது இங்கே வேலிடாம்மா?" என்று கேட்டவர் இதே மனிதர்தான். கேட்ட பிறகு பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. சுண்டலில் தேங்காய் போதவில்லை என்று சொல்லிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கோபிசெட்டிபாளையத்தில் ஆறு மார்க்கில் மெடிக்கல் சீட்டைத் தவறவிட்ட பெண் ஷ்யாமளா. அப்பா அவளை உக்ரைனின் தென்மேற்கு மூலையில் இருக்கும் செர்னிவ்ட்ஸி என்ற ஊருக்கு அனுப்பினார். அங்கே ஆறு வருஷம் படித்தாள். அமெரிக்கப் பரீட்சைகள் அத்தனையும் எழுதி, இப்போது பக்கத்து ஊரான இர்விங்கில் ஒரு மருத்துவமனையில், விபத்திலும் வியாதியிலும் கால் போனவர்களை மறுபடி நடக்க வைக்கும் டாக்டராக இருக்கிறாள். அவளோடு ஒரே அறையில் தங்கிப் படித்த ஒலேனா அதே வேலையைச் செர்னிவ்ட்ஸியில் செய்கிறாள். வித்தியாசம், ஒலேனாவின் வார்டில் படுத்திருப்பவர்கள் எல்லாரும் இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இருப்பவர்கள், எல்லாரும் போர்முனையிலிருந்து வந்தவர்கள். மூன்று வருஷமாக ஒவ்வோர் அக்டோபரிலும் ஷ்யாமளா இரண்டு வாரம் லீவு போட்டு அந்த வார்டுக்குப் போய் வேலை செய்துவிட்டு வருகிறாள்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டான் அவள் கணவன் கவின். "அவிங்க போட்டோ புடிக்கப் போறாங்க. நீ போய் வழி சொல்றியா?"

"அங்க என்ன நடக்குதுன்னு நாலு பேருக்குத் தெரியட்டுமே" என்றாள் ஷ்யாமளா. சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்து, 'உக்ரைன் டிகிரியா' என்று கேட்ட வாய் 'வந்து பேசு' என்று கூப்பிட்டிருக்கிறது. அன்று மாலை அவள் பட்டுப்புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததைக் கவின் பார்த்தான்.

கிளப்ஹவுஸில் நாற்பது மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அலுமினியத் தட்டுகளில் சமோசாவும் பின்னால் ஒரு மேஜையில் காபிக் கேனும் இருந்தன. கேனுக்குப் பக்கத்தில் கஸ்தூரிரங்கனின் மனைவி காமாக்ஷி நின்று எல்லாருக்கும் கப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஷ்யாமளா ஒலேனாவின் வார்டைப் பற்றிப் பதினைந்து படங்கள் கொண்டுவந்திருந்தாள். கஸ்தூரிரங்கன் லேப்டாப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் லாஸ்ட்ல வெச்சுக்கலாம்மா, கொஞ்சம் டிப்ரெஸிங். ஃபர்ஸ்ட் பிராக்டிகல் டிப்ஸ்" என்றார்.

அவள் டிப்ஸ் சொன்னாள்.

"உக்ரைனுக்கு ஃப்ளைட் கிடையாதுங்க. போர் ஆரம்பிச்ச அன்னிக்கு மூடின வானம் இன்னும் திறக்கலை. ருமேனியாவுல சுச்சாவாங்கற ஊர் வரைக்கும் போயி, அங்கிருந்து பஸ் புடிக்கணும். பார்டர்ல ரெண்டு மணி நேரமும் ஆகும், எட்டு மணி நேரமும் ஆகும்."

"பார்டர்ல லவுஞ்ச் இருக்கா?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"இல்லீங்க. வேலி இருக்கு."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். இரவு ஊரடங்கு, பன்னிரண்டுக்கு மேல் தெருவில் இருக்கக் கூடாது என்றாள். போனில் ஏர் அலெர்ட் ஆப் போட்டுக்கொள்ள வேண்டும், அது கத்தினால் ஹோட்டல் பேஸ்மெண்ட்டுக்கு இறங்கிவிட வேண்டும் என்றாள். பேஸ்மெண்ட்டில் வைஃபை வருமா என்று ஓர் அம்மாள் கேட்டாள். சாதாரண டிராவல் இன்சூரன்ஸ் போர்க்காயத்துக்குச் செல்லாது, அதற்கென்று தனிப் பாலிசி எடுக்க வேண்டும் என்றாள். ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டை ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும், அதைக் கட்டப் பழகியிருக்க வேண்டும் என்று சொல்லித் தன் கையிலேயே கட்டிக் காட்டினாள். பின்வரிசையில் இருந்த பசுபதி கை தூக்கினார். டப்ளினில் மகன் வீடும் காப்பெலில் மகள் வீடுமாக மாறி மாறி இருப்பவர் அவர்.

"மேடம், இதை ஆன்லைன்ல வாங்கி யூஸ் பண்ணலேன்னா ரிட்டர்ன் பண்ணலாமா?"

"யூஸ் பண்ணாம ரிட்டர்ன் பண்ண முடிஞ்சா நல்லதுதானுங்க" என்றாள் ஷ்யாமளா. குத்தல் யாருக்கும் உறைக்கவில்லை.

அன்று அரங்கமே பேனாவும் கையுமாக நிமிர்ந்து உட்கார்ந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். பீட்ரூட் சூப்பில் பன்றிக் கொழுப்பு போடுவார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும் என்று அவள் சொன்னபோது. கேட்பதற்கான உக்ரேனிய வாக்கியத்தை மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். தமிழில் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு அவள் படம் எடுப்பதைப் பற்றிச் சொன்னாள். ராணுவத்தினர், சோதனைச் சாவடி, ரயில் நிலையம், பாலம், மின்நிலையம் எதையும் எடுக்கக் கூடாது.

"அப்பறம் எதைத்தாம்மா எடுக்கறது?" என்றார் கஸ்தூரிரங்கன்.

"யுனிவர்சிட்டி கட்டடம் அழகா இருக்கும், அங்கிள். அதை எடுங்க." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னொண்ணு. டெய்லி காலைல ஒம்பது மணிக்கு ஒரு நிமிஷம் ஊரே நிக்கும். கார்ல போறவங்க எறங்கி நிப்பாங்க. நீங்களும் நிக்கணும். செத்துப்போன சோல்ஜரை வண்டியில ஊருக்குக் கொண்டுவந்தாங்கன்னா, ரோட்டோரம் இருக்கற எல்லாரும் முட்டி போடுவாங்க. கடைக்காரங்க, ஸ்கூல் பிள்ளைங்க, எல்லாரும். நீங்களும் போடணும். போனைப் பைக்குள்ள வெச்சுருங்க."

"எனக்கு முட்டி பெயின் இருக்கேம்மா" என்றார் கஸ்தூரிரங்கன். "கீழே மடக்கி உட்காரவே கூடாதுன்னு ஆர்த்தோ சொல்லிட்டார். சீனியர்ஸுக்கு ஏதாவது எக்ஸெம்ப்ஷன் உண்டா?"

அரங்கம் சிரித்தது. காபிக் கேன் பக்கத்தில் நின்ற காமாக்ஷி சிரிக்கவில்லை. ஷ்யாமளா சிரித்தாள். அது அவளுக்குப் பிறகு பல நாள் நினைவிருந்தது.

கடைசியில் கஸ்தூரிரங்கன், "அங்கே எமர்ஜென்சின்னா யாரைக் கூப்படறது? லோக்கல்ல உனக்கு யாராவது தெரியுமா?" என்று கேட்டார். தெரியுமாவா? அந்த ஊரில் பாதி ஆஸ்பத்திரி அவளோடு படித்தவர்கள். அவள் ஒலேனாவின் பெயரையும் நம்பரையும் போர்டில் எழுதினாள். எழுதும்போது முதுகுக்குப் பின்னால் எழுந்த 'ஓ' அவளுக்கு இனித்தது. வார்டின் படங்களைக் காட்ட ஆரம்பித்தபோது பாதிப் பேர் இரண்டாவது சமோசாவுக்கு எழுந்துவிட்டிருந்தார்கள்.

மே மாதம் கஸ்தூரிரங்கன் கிளம்பினார். காமாக்ஷி போகவில்லை. பார்டர் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் இருந்து அவர் போட்ட படத்தை நூற்றெழுபது பேர் லைக் செய்தார்கள். படத்தின்மேல் '94' என்று பெரிதாக எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார். பின்னால் வேலிக்கு அந்தப் பக்கம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வரிசையில் நின்றிருந்தாள். படத்தில் அவள் முகத்தில் பாதி, ஆச்சரியக்குறிக்குப் பின்னால் போயிருந்தது.

நான்காம் நாள், புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஷ்யாமளா இர்விங்குக்கு டிரைவ் பண்ணிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஒலேனா. இந்த நேரத்தில் அவள் கூப்பிடுவதில்லை. அங்கே மதியம் மூன்றே முக்கால், வார்டில் வேலை உச்சத்தில் இருக்கும் நேரம்.

"ஷ்யாமா, கஸ்துரி என்று ஒருவர் உன் ஆளா?" என்றாள் ஒலேனா உக்ரேனிய மொழியில். "அவர் போலீஸ் நிலையத்தில் இருக்கிறார். நானும் இருக்கிறேன்."

ஷ்யாமளா அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு பெட்ரோல் பங்கின் ஓரத்தில் காரை நிறுத்தினாள்.

நடந்தது இதுதான். மதியம் கடைத்தெரு வழியாக ஒரு சிப்பாயின் உடலைக் கொண்டுவந்தார்கள். தெரு முழுக்க மண்டியிட்டது. ஒருவர் மட்டும் நடுவில் நின்றுகொண்டு, நீண்ட குச்சியின் முனையில் போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்தார். வண்டி போனதும் இரண்டு பெண்கள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். போலீஸ் வந்தது. போனைத் திறந்து பார்த்தால் ரயில் நிலையம், ஊர் எல்லையில் மணல்மூட்டை அடுக்கிய சோதனைச் சாவடி, அதில் நின்ற காவலர்கள், எல்லாம் வரிசையாக இருந்தன. ஊர் பேர் தெரியாத வெளிநாட்டுக்காரர். கேட்டதற்கு ஒலேனாவின் நம்பரைக் காட்டியிருக்கிறார்.

ஒலேனா தன் போனை அவரிடம் கொடுத்தாள்.

"ஷ்யாமளா! இவா என்னை ஸ்பைன்னு நெனச்சுட்டா! கேன் யூ பிலீவ் இட்? அமெரிக்கன் சிட்டிசன்னு பத்து தரம் சொல்லிட்டேன்."

"முட்டி போட்டீங்களா அங்கிள்?"

"என்னது?"

"வண்டி வந்தப்போ."

"என் முட்டி விஷயம்தான் நோக்குத் தெரியுமே. நின்னுண்டே ரெஸ்பெக்ட் குடுத்தேன்."

"செல்ஃபி ஸ்டிக்கோடவா?"

"அது நீட்டி இருந்துது. மடக்க டைம் கிடைக்கலே" என்றார்.

ஷ்யாமளாவுக்கு வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒலேனா மறுபடி போனை வாங்கினாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"இவரை விட்டுவிடுவார்கள். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நான் கையெழுத்துப் போட வேண்டும். உனக்கு ஒன்று சொல்கிறேன். வார்டில் தராஸ் என்று ஒரு பையன். இருபத்து நான்கு வயது, இரண்டு காலும் இல்லை. பொய்க்கால் வந்து மூன்று வாரமாகிறது. தொடமாட்டேன் என்றான். இன்றைக்கு நிற்கிறேன் என்று ஒப்புக்கொண்டான். அவன் அம்மா கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். பொய்க்காலை மாட்டி, பிடித்து நிற்கும் கம்பிகளுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தப்போன நேரத்தில் போலீஸிலிருந்து எனக்குப் போன்."

"வேறு யாராவது..."

"வேறு யாரும் இல்லை என்று உனக்குத் தெரியும். என்னைத் தவிர அவன் யாரையும் தொட விடுவதில்லை. காலைக் கழற்றுங்கள் என்று சொல்லிவிட்டான். கழற்றிவிட்டு வந்தேன்."

ஷ்யாமளா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அவரை அனுப்பவில்லை, ஒலேனா. அவராகவே வந்தார்."

"அவருடைய நோட்டு இங்கே மேஜையில் இருக்கிறது. உன் பெயர் போட்டுப் பன்னிரண்டு பக்கம். படிக்க முடியவில்லை, அவரே மொழிபெயர்த்துச் சொன்னார். பஸ் எங்கே நிற்கும், சூப்பில் என்ன போடுவார்கள், எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். வராதீர்கள் என்று எந்தப் பக்கத்தில் சொன்னாய்?"

எந்தப் பக்கத்திலும் அவள் சொல்லவில்லை. நாற்பது பேர் வாய் பார்க்க, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்ற அந்த ஒன்றரை மணி நேரத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. வராதே என்று சொல்லியிருந்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். கஸ்தூரிரங்கன்மேல் இருந்த எரிச்சல் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் தன்மேலேயே ஓர் இளக்காரம் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று அவள் அரை மணி நேரம் தாமதமாகத்தான் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

கஸ்தூரிரங்கன் திரும்பி வந்தார். ஜூன் மாதம் அதே கிளப்ஹவுஸில் அவருடைய பேச்சு. 'போர்முனையிலிருந்து நேரடியாக' என்று வாட்ஸப்பில் நோட்டீஸ் வந்தது. செர்னிவ்ட்ஸியிலிருந்து போர்முனை, காப்பெலிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹூஸ்டனைவிட அதிகத் தூரம். ஷ்யாமளா அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். போகும் எண்ணமே இல்லை. ஆனால் காமாக்ஷி கூப்பிட்டாள்.

"நீ வாம்மா."

"ஆன்ட்டி, நான் வந்தா ஏதாவது சொல்லிப்போடுவேன்."

"அதுக்குத்தான் கூப்படறேன்" என்று சொல்லிக் காமாக்ஷி போனை வைத்துவிட்டாள்.

இம்முறை எண்பது நாற்காலி. நிற்க இடமில்லை. கஸ்தூரிரங்கன் உக்ரைன் நாட்டுப் பூவேலை போட்ட சட்டை அணிந்து மேடையில் நின்றார். ஷ்யாமளா சொன்ன குறிப்புகள் ஒவ்வொன்றும் திரையில் வந்தன, ஒவ்வொன்றுக்கும் கீழே 'கே.ஆர். டிப்' என்று போட்டு. போலீஸ் நிலையத்தில் இருந்த மூன்று மணி நேரம் ஏழு மணி நேரமாகியிருந்தது. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய இளம் போலீஸ்காரன் உளவுத்துறைக் கர்னலாகியிருந்தான். ஒலேனா ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து போனாள். "ஒரு லோக்கல் லேடி டாக்டர், நம்ம ஷ்யாமளா ஃப்ரெண்டுதான், வந்து ஃபார்மாலிட்டி முடிச்சுக் குடுத்தா." அதைச் சொல்லும்போது ஷ்யாமளாவைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டார்.

"இப்ப ஒரு எக்ஸ்க்ளூசிவ்" என்றார். "போலீஸ் என் போன்ல இருந்ததை டிலீட் பண்ணிட்டா. ஆனா க்ளவுட்ல ஏற்கெனவே ஏறிடுத்து. டெக்னாலஜி!"

கைதட்டினார்கள். விளக்கை அணைத்தார்கள்.

திரையில் ஒரு தெரு. வெயில். தூரத்தில் ஒரு வண்டி மெதுவாக வருகிறது. ரொட்டிக் கடையிலிருந்து கையில் மாவோடு ஒரு பெண் ஓடிவந்து மண்டியிடுகிறாள். பள்ளிக்கூடப் பையோடு ஒரு சிறுமி. சைக்கிளைத் தரையில் சாய்த்துவிட்டு ஒருவன். தடியூன்றிய ஒரு கிழவர், ஒரு கையால் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மடக்கி, மறு காலை மடக்கி, வெகுநேரம் எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறார். எங்கும் சத்தமில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து மட்டும் ஒரு குரல் வருகிறது: "வாவ். வாவ். ஜஸ்ட் அமேசிங்." வண்டிக்குப் பின்னால் வந்த காரின் ஜன்னலில் ஒரு பெண்ணின் முகம் தெரிகிறது. அவள் வாய் திறந்திருக்கிறது. படம் அந்த முகத்தை நோக்கிப் போகிறது. அவர் ஜூம் செய்திருக்கிறார்.

ஷ்யாமளா எழுந்தாள். "நிறுத்துங்க அங்கிள்."

"கொஸ்டின்ஸ் எல்லாம் அட் தி எண்ட்மா."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்."

அவர் நிறுத்தவில்லை. அந்த முகம் திரை முழுக்கப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்போது காபி மேஜையிலிருந்து காமாக்ஷி நடந்து வந்தாள். அவசரப்படவில்லை. நாற்காலிகளுக்கு நடுவில், 'கொஞ்சம் வழி விடுங்கோ' என்று சொல்லிக்கொண்டே வந்து, லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினாள். திரை நீலமானது.

"காமு! என்ன பண்றே?"

"அந்தப் பொம்மனாட்டி அழறா. படம் எடுக்கட்டுமான்னு அவகிட்ட கேட்டேளா?"

"இட்ஸ் ஜர்னலிசம், காமு."

"நீங்க டெலிகாம் கம்பெனிலே டைரக்டரா இருந்து ரிடையர் ஆனவர்" என்றாள் காமாக்ஷி. ஒயரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள். யாரோ விளக்கைப் போட்டார்கள்.

எண்பது பேரும் ஷ்யாமளாவைப் பார்த்தார்கள், எழுந்து நின்றவள் அவள்தானே. அவளும் பேசினாள். தராஸைப் பற்றிச் சொன்னாள். அவன் அம்மா காலையிலிருந்து உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். அவனுக்கு மாட்டிய காலைக் கழற்றி வைத்துவிட்டு ஒலேனா எங்கே போக வேண்டியிருந்தது என்று சொன்னாள். "ஃபார்மாலிட்டின்னு சொன்னாரில்லீங்களா, அது இதுதான்" என்றாள். "அந்த நம்பரைக் குடுத்தது நான். பெரிய ஆளாட்டம் போர்டுல எழுதினேன். அது என் தப்பு. அதுக்காக இந்த வீடியோ சரின்னு ஆயிடாது."

ஒருவரும் சமோசாவுக்கு எழுந்திருக்கவில்லை. கஸ்தூரிரங்கன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினார். ஷ்யாமளாவுக்கு ஒரு நொடி நம்பிக்கைகூட வந்தது. பின்வரிசையில் பசுபதி கை தூக்கினார்.

"மேடம், ஒரு சின்ன டவுட். சுச்சாவாவுக்கு டாலஸ்ல இருந்து எத்தனை ஸ்டாப்?"

ஷ்யாமளா அவரையே பார்த்தாள். "போகாதீங்க."

"இல்ல மேடம், ஜஸ்ட் இன்ஃபர்மேஷனுக்கு."

"இதுதாங்க இன்ஃபர்மேஷன். போகாதீங்க."

வெளியே வந்தபோது மணி ஆறரை. ஜூன் மாத டெக்ஸஸ் வெயில் பார்க்கிங் லாட்டில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. காமாக்ஷி பின்னாலேயே வந்தாள். இடுப்பில் இன்னும் ஒயர் இருந்தது.

"தொண்ணூத்து மூணுல எழுபத்தொண்ணு நானும் கூடப் போயிருக்கேன்" என்றாள். "என்ன பாத்தேன்னு கேளு. அவர் பாஸ்போர்ட்டை எங்கே வெச்சேன்னு கத்தினதுதான் ஞாபகம் இருக்கு. எல்லா ஊர்லயும் ஒரே கத்தல். இனிமே நான் எங்கேயும் வரலேன்னுட்டேன்."

ஷ்யாமளா கைப்பையில் கார் சாவியைத் துழாவினாள்.

"நீயும் ஒண்ணும் ஒசத்தி இல்லே. அன்னிக்கு நான் பாத்துண்டுதான் இருந்தேன். மைக்கைக் குடுத்ததும் பூரிச்சுப்போயிட்டே. இவர் முட்டியைப் பத்தி அசட்டு ஜோக் அடிச்சப்போ நீயும்தானே சிரிச்சே?"

"ஆமாங்க ஆன்ட்டி."

"அந்தப் பையன் நின்னானா?"

"தெரியலை. கேக்கறதுக்கு வெக்கமா இருக்கு."

"கேளு" என்றாள் காமாக்ஷி. "உன் வெக்கத்தை வெச்சுண்டு அவாளுக்கு என்ன ஆகணும்?" சொல்லிவிட்டுக் காரைப் பார்க்க நடந்தாள். கஸ்தூரிரங்கன் உள்ளேயிருந்து வர இன்னும் நேரமாகும். யாரோ அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த இரண்டு நாள் ஷ்யாமளாவின் போன் ஓயவில்லை. வயதில் பெரியவரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தலாமா என்று ஐந்து பேர் கேட்டிருந்தார்கள். மீதிப் பேர், அந்த டிப்ஸ் பிடிஎஃப் இருந்தால் ஃபார்வர்ட் பண்ண முடியுமா என்று கேட்டிருந்தார்கள். காமாக்ஷி அந்த வீடியோவை க்ளவுடிலிருந்தும் நீக்க வைத்தாள், எப்படி என்று தெரியாது. கஸ்தூரிரங்கன் ஷ்யாமளாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் அடுத்து மால்டோவா போகிறார் என்று கவின்தான் எங்கேயோ கேட்டுவந்து சொன்னான். போன தடவையே பக்கத்தில் இருந்ததைத் தவறவிட்டுவிட்டோமே என்று வருத்தப்பட்டாராம்.

ஷ்யாமளா ஒலேனாவுக்கு எழுதினாள். மன்னிப்பு கேட்டு ஒரு பக்கம் எழுதி, அழித்து, கடைசியில் இரண்டு வரி அனுப்பினாள். தப்பு என்னுடையது. தராஸ் எப்படி இருக்கிறான்?

நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் மதியம், கேண்டீனில் தயிர்சாத டப்பாவைத் திறக்கும்போது வந்தது. மன்னிப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தராஸ் அதற்குப் பிறகு ஒன்பது நாள் பொய்க்காலைத் தொடவில்லை. பத்தாம் நாள் தானாகவே கேட்டான். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நாற்பது வினாடி நின்றான். அவன் அம்மா பார்க்கவில்லை. மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மூன்றாம் நாளே கிராமத்துக்குத் திரும்பிவிட்டாள். அங்கே கரண்ட் இல்லாததால் போனிலும் காட்ட முடியவில்லை. இப்போது தினமும் நிற்கிறான். வார்டில் இன்னும் ஆறு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். அக்டோபரில் வருவதானால் மூன்று வாரமாக வா, இரண்டு வாரம் போதாது.

அவன் அம்மா பார்க்கவில்லை என்ற இடத்தில் ஷ்யாமளா வெகுநேரம் நின்றாள். பிறகு டப்பாவை மூடிவிட்டு, மூன்று வார லீவுக்கு விண்ணப்பம் எழுதினாள். அந்த முறை அவள் போவது கவினைத் தவிரக் காப்பெலில் யாருக்கும் தெரியாது.